வலிக்கும் ஒரு கணக்கு உண்டு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அதில் பாதி இப்போது மாறிவிட்டது. காய்ச்சல் யாருக்கு வந்தாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் 101, 102 என்று அதுவே சொல்லிவிடுகிறது. ரத்தக் கொதிப்பைக் கையில் பட்டை சுற்றிப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஆனால் வலிக்கு? எக்ஸ்-ரேயில் எலும்பு முறிந்திருப்பது தெரியும். எவ்வளவு வலிக்கிறது என்பது தெரியாது. ஸ்கேனில் கட்டி தெரியும். நடுராத்திரியில் அது மனுஷியை என்ன பாடு படுத்துகிறது என்பது தெரியாது. வலியை அளக்க இன்றைக்கும் ஒரே ஒரு கருவிதான் நம்பகமானது. அது வலிக்கிறவரின் வாய்!

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஒரு நர்ஸ் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அமெரிக்காவைச் சேர்ந்த மார்கோ மெக்காஃபரி என்ற அந்த அம்மாள், வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அதை நம்புவதுதான் சிகிச்சைக்கே முதல் படி என்று 1968-ல் நர்ஸுகளுக்குப் பாடம் எழுதினார். "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று சொல்லும் உரிமை பக்கத்தில் நிற்கிறவருக்குக் கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

நான் டாக்டருமல்ல, நர்ஸுமல்ல. பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி, ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் குடித்தனம் நடத்துகிறவள். வீட்டில் ஒரு நோயாளியை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டதில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

பல்லைக் கடிக்கும் பெருமை

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களிடம் ஒரு குணம் உண்டு. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவளுக்குத் தோள்பட்டை இற்று விழும். ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போகிறவளுக்கு இடுப்பு நிமிராது. கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறவளுக்கு முழங்கால் மடங்காது. ஆனால் கேட்டுப் பாருங்கள். "அதொண்ணும் இல்லீங்க, சும்மா லேசா நோவுது" என்பதோடு சரி. மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

பொறுமை நல்ல குணம்தான். யார் இல்லை என்றது? ஆனால் வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. மணியை அடிக்க விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? மாதாமாதம் விலக்கு நாளில் சுருண்டு படுத்துக்கொள்ளும் பெண்ணிடம், "எல்லாருக்கும் உள்ளதுதானே, கல்யாணமானால் சரியாப் போகும்" என்கிறோம். அது வெறும் மாத வலியாகவும் இருக்கலாம். கர்ப்பப்பையின் உள் சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் என்ற கோளாறாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி என்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். "பொறுத்துக்கோ" என்பது வைத்தியம் ஆகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு நாம் என்ன சொல்கிறோம்? "உடம்பெல்லாம் வலிக்குதுங்க டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க." அவ்வளவுதான்! வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். டாக்டருக்கு நமக்காகக் கிடைப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தில் நாம் சரியாகச் சொன்னால், அவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

நம் வாயிலேயே உள்ள அகராதி

சரியாகச் சொல்வது என்றால் இங்கிலீஷில் சொல்வதல்ல. 1975-ல் கனடா நாட்டின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்டு மெல்சாக் என்பவர், நோயாளிகள் வலியைப் பற்றிச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே எந்த மாதிரி வலி என்று ஊகிக்க முடிகிறது என்பதுதான் அதன் பயன். உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் வீட்டுக் கிழவிகளிடம் இல்லாத சொல்லா? கடுக்குது, குடையுது, குத்துது, எரியுது, பிசையுது, முறுக்குது, இழுக்குது, சுளீர்னு அடிக்குது, சுருக்குங்குது, விண்ணு விண்ணுங்குது, மதமதன்னு இருக்குது... ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலி. ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது.

சீழ் கோத்த பல்லும் கட்டியும் விண் விண் என்று தெறிக்கும். வயிறு பிசைந்து பிசைந்து விட்டால் குடல் சம்பந்தமாக இருக்கலாம். விலாவிலிருந்து அடிவயிற்றுக்குச் சுருட்டி இழுத்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். மூட்டுத் தேய்ந்தால் கடுப்பும் குடைச்சலும். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது போன்ற சுளீர் என்றால் பெரும்பாலும் நரம்பைச் சேர்ந்த வலி. சர்க்கரை வியாதிக்காரர்களின் பாத எரிச்சலும், அக்கி வந்து ஆறியபின் மிஞ்சும் எரிச்சலும் இந்த வகைதான். இந்த நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு. ஆகவே "வலிக்குது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால், வேறு பூட்டுக்கு வேறு சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

பத்துக்கு எத்தனை?

எப்படிப்பட்ட வலி என்று சொல்லியாகிவிட்டது. எவ்வளவு வலி என்பதை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிகளில் இப்போது பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். வலியே இல்லை என்றால் 0. இதற்குமேல் தாங்கவே முடியாது என்றால் 10. மருந்து கொடுக்குமுன் ஒரு தடவை, கொடுத்தபின் ஒரு தடவை கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். 8 என்று சொன்னவர் 3 என்று சொன்னால் மருந்து வேலை செய்கிறது. 7-லேயே நின்றால் வேறு வழி பார்க்க வேண்டும். எவ்வளவு எளிய கணக்கு, பாருங்கள்!

இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது 2022-ல். என் மாமியாருக்கு அப்போது 82 வயது. மார்பில் கட்டி வந்ததை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். கண்டுபிடித்தபோது முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தோம். காய்ச்சல் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். வலிக்கிறதா, எப்படி வலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தையும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, ராத்திரியில் முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடப்பதை நான்தான் பார்த்தேன். "என்னங்க அத்தை பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்ல கண்ணு, நீ போய்த் தூங்கு" என்பார்.

எங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலர் பெண்ணிடம் சொன்னேன். அடுத்த வாரம் வீட்டுக்கே ஒரு நர்ஸ் வந்தது. சின்னப் பெண்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"பாட்டி, வலி பத்துக்கு எத்தனைங்க பாட்டி?"

"மார்க்குப் போடறதுக்கு நானென்ன பள்ளிக்கூடமா சாமி போனேன்?"

அந்தப் பெண் விடவில்லை. "சரி பாட்டி, உங்க கணக்குல சொல்லுங்க. ரூபாய்க்கு எத்தனை?"

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். 1957-ல் புதுக் காசு வந்தபோது அவருக்கு 17 வயது. கணக்கெல்லாம் கடைசிவரை அணாவில்தான். "பகல்ல ரூவாய்க்கு எட்டணா. ராவுல பன்னண்டணா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முக்கால் பங்கு வலியை வைத்துக்கொண்டா "ஒண்ணுமில்ல" என்று சொன்னார்? நர்ஸுப் பெண் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டது. பிறகு, "எப்படி இருக்குதுங்க பாட்டி?" என்றது. முதுகில் கடுகடுவென்று கடுக்கிறது, அங்கிருந்து காலுக்கு நெருப்புக் கம்பியை விட்ட மாதிரி சுளீர் என்று இறங்குகிறது என்றார் அத்தை. "இது ரெண்டு வலிங்க அக்கா. கடுக்கறது எலும்பு, இறங்கறது நரம்பு. ரெண்டையும் டாக்டர்கிட்டச் சொல்லணும்" என்று என்னிடம் சொல்லிற்று அந்தப் பெண்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்தார். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர் சிகிச்சை. கூடவே மார்ஃபின் மாத்திரை. காலில் இறங்கும் எரிச்சலுக்கு ஒரு நரம்பு மாத்திரை. ஒரு மாதத்தில் அத்தையின் கணக்கு நாலணாவுக்கு வந்தது. "நாலணா நோவை நான் தூக்கிட்டு நடந்துருவேன் போ" என்றார். திண்ணையில் வந்து உட்கார்ந்து புளியம்பழம் உடைத்தார். 2023-ல் காலமானார். முந்தானையைக் கடிக்காமல் போனார். வியாதியை யாராலும் தீர்க்க முடியவில்லை. வலியைத் தீர்க்க முடிந்தது.

மணி பார்த்துக் கொடுக்கும் மருந்து

மார்ஃபின் என்றதும் எங்கள் வீட்டில் நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டார். "அது கடைசி மருந்தாச்சே! அபினி இல்லையா அது? பழக்கம் ஆயிடுமே!" இந்தப் பயம் பல வீடுகளில் உண்டு. ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு ஒரு ஏணி வகுத்துக் கொடுத்தது. மூன்று படிகள். லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. அதற்கு மேல் போனால் கோடீன் போன்ற மிதமான மருந்து. கடும் வலிக்கு மார்ஃபின். கூடுமானவரை வாய்வழி மாத்திரையாகக் கொடுக்க வேண்டும், ஊசியாக அல்ல. முக்கியமாக, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்தபின் ஓடிப்போய்க் கொடுப்பதல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் தாங்கும். அது இறங்குமுன் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும். அடுப்பு அணைந்தபின் ஊதிக்கொண்டிருப்பதைவிட, தணல் இருக்கும்போதே சுள்ளி வைப்பது சுலபம் அல்லவா? அப்படித்தான்.

எங்கள் நோட்டில் ஒரு வாரம் விடியற்காலை 3 மணிக்கு மட்டும் பத்தணா, பன்னிரண்டணா என்று ஏறியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர், படுக்கும் நேரத்து மாத்திரையை மட்டும் இரட்டிப்பாக்கினார். அதன்பிறகு அத்தையும் தூங்கினார், நாங்களும் தூங்கினோம். ஆனால் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் ஒருவர்தான். நாமாகத் தொடக்கூடாது. ஒரு மாத்திரைகூட வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். அநேகமாக அதுவே விட்டுவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது. ஆகவே பேதி மாத்திரையைக் கூடவே எழுதித் தருவார்கள், அதை நிறுத்திவிடக்கூடாது. தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மிக மெதுவாவது ஆகியவை தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சரியான அளவில் கொடுத்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. முற்றிய நோயின் வலிக்கு டாக்டர் பார்வையில் கொடுக்கும்போது போதைப் பழக்கமாவதும் அபூர்வம்.

சட்டம் போட்ட பூட்டு

இந்த மாத்திரை நம் நாட்டில் கிடைக்காமல் போனதற்கே ஒரு கதை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க அனுமதியோடு கசகசாச் செடி பயிராகிறது. அதன் பால்தான் அபினி, அபினியிலிருந்துதான் மார்ஃபின். உலகத்துக்கே அபினி ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. ஆனால் 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதற்குப் பல லைசென்ஸ் வேண்டியதாயிற்று. ஒன்று கைக்கு வருமுன் இன்னொன்று காலாவதியாகிவிடும். தண்டனைக்குப் பயந்து மருந்துக் கடைகளும் கையை விட்டன. 1985-ல் நாட்டில் வருஷத்துக்கு 573 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் உபயோகம் 1997-ல் வெறும் 18 கிலோவாகச் சுருங்கிப்போயிற்று! திருடனுக்குப் போட்ட பூட்டில் நோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பிற்பாடு கேரளத்தில் கடைக்காரரும் வாத்தியாரும் குடும்பப் பெண்களும் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருக்கும் அண்டை வீட்டாரைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. 2014-ல் பாராளுமன்றம் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்பட அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான, சுலபமான விதிகளுக்கு வழி செய்தது. ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 1990-களின் கடைசியிலிருந்து இந்த இன மாத்திரைகளை எல்லா வலிக்கும் தாராளமாக எழுதிக் கொடுத்து, லட்சக்கணக்கான குடும்பங்கள் சீரழிந்தன. முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் சாப்பிடும் மருந்தல்ல இது. தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவு, அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பமாயிற்று. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. கிருஷ்ணகிரியும் ஒரு காலத்தில் எங்கள் பழைய சேலம் ஜில்லாதான்! ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருவது இதன் அம்சம். இதைப் பல பேர் மாத்திரைத் திட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் படுத்த படுக்கையாய் யாராவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தன்னார்வலரிடமோ தயவுசெய்து சொல்லுங்கள்.

வாய் பேசத் தெரியாதவர்கள்

இளம் தாய்மார்கள் கேட்கலாம்: "என் குழந்தைக்குப் பேசவே வராதே, அது எப்படிக் கணக்குச் சொல்லும்?" நியாயமான கேள்வி.

பச்சைக் குழந்தைக்கு வலியே தெரியாது என்று 1980-கள் வரை பெரிய டாக்டர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? சரியான மயக்க மருந்து இல்லாமலே ஆபரேஷன்கூட நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே ஆராய்ந்து, அந்தப் பிஞ்சு உடம்பும் வலியால் எப்படி அதிர்ந்து போகிறது, நல்ல வலி மருந்து கொடுத்தால் எப்படித் தேறுகிறது என்பதை 1987-ல் வெளியிட்டார்கள். அதன்பின் உலகமே மாறிக்கொண்டது.

குழந்தையின் முகச் சுளிப்பு, காலை உதைப்பது அல்லது மடக்குவது, உடம்பை முறுக்குவது, அழுகை, தூக்கிச் சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டுக் கூட்டினால் அங்கேயும் பத்துக்கு எத்தனை என்பது வந்துவிடும். 1997-ல் அமெரிக்காவில் மிச்சிகனில் வகுத்த முறை இது. மூன்று வயதுக்கு மேல், சிரித்த முகத்திலிருந்து அழுகிற முகம்வரை ஆறு முகங்களை வரைந்து, "நீ எந்தப் பாப்பா மாதிரி இருக்கே?" என்று கேட்டால் தொட்டுக் காட்டிவிடும்.

தடுப்பூசி போடும்போது மடியில் வைத்துத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி நன்றாகக் குறைகிறது. விழுந்த இடத்தைப் பாட்டி தேய்த்துவிட்டால் அழுகை நிற்கிறதே, அதிலும் சங்கதி இருக்கிறது. தொடு உணர்ச்சி, வலிச் செய்திக்கு வழியை அடைக்கிறது என்று முன் சொன்ன மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்பவரும் 1965-லேயே விளக்கினார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. குழந்தைக்கு மருந்து வயசுப்படி அல்ல, எடைப்படி. ஆஸ்பிரின் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது. நிமிசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. டெங்கு சந்தேகம் இருந்தால் பெரியவர்களுக்கும் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் ஆகாது. ரத்தக் கசிவு கூடிவிடும்.

பக்கவாதம் வந்தவர், ஞாபகம் தவறிய முதியவர் ஆகியோருக்கும் வாய் இருந்தும் பேச்சில்லை. அவர்கள் திடீரென்று சாப்பிட மறுப்பது, தொட்டால் கையைத் தட்டிவிடுவது, புரட்டும்போது முகம் கோணுவது, இரவெல்லாம் முனகுவது எல்லாம் சொல் இல்லாத வலி. "பெருசு அடம் பிடிக்குது" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

உடம்பு நோவும் மனசு நோவும்

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர், 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற இல்லத்தை, தீராத நோயாளிகளுக்காகவே ஆரம்பித்தார். உடம்பு வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, கடவுளைப் பற்றிய தவிப்பு எல்லாம் சேர்ந்துதான் முழு வலி என்றார் அவர். கடன் பாக்கி, கட்டிக்கொடுக்க வேண்டிய பெண், பேசாமல் இருக்கும் தம்பி, இவையெல்லாம் ராத்திரியில் வலியை இரண்டணா ஏற்றிவிடும். அதற்கு மாத்திரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஆள்தான் மருந்து. அதை நம்மைவிட யார் நன்றாகச் செய்ய முடியும்?

சில வலிகளுக்கு மட்டும் கணக்கெழுதிக்கொண்டு உட்காரக்கூடாது. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுவது. பெண்களுக்கு வெறும் மூச்சுத் திணறலும் அசதியும் வியர்வையுமாகக்கூட வரலாம். இதுவரை வந்ததே இல்லாத கடும் தலைவலி திடீரென்று இடி இறங்கியதுபோல் வருவது. வயிறு பலகைபோல் இறுகுவது. கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. இவற்றுக்கு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்றதற்கெல்லாம் ஒரு 40 பக்க நோட்டுப் போதும், சகோதரிகளே. பால் கணக்கு எழுதுகிறோம், சீட்டுக் கணக்கு எழுதுகிறோம். அதோடு இதையும் எழுதுங்கள். எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது. எந்த மாதிரி வலி, அவர்கள் சொன்ன சொல்லிலேயே. பத்துக்கு எத்தனை, அல்லது ரூபாய்க்கு எத்தனை அணா. எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது. எந்த மருந்து, எத்தனை மணிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வலிக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்!